அடுப்பு பற்றவைக்காத வீடு

புதிதாக ஒரு வீட்டைக் கட்டி விற்பதென்றால் அதற்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் நல்ல நாள் பார்த்து வந்து, தங்கள் கையால் முதல் பாலைப் பொங்கவிட வேண்டும். அதற்கு முன்பு அங்கே ஒரு டம்ளர் டீ போட்டிருந்தால்கூட அது குடியிருந்த வீடு. சமையல் மேடையில் கரி தெரிந்தால் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சவரிமுத்து இந்த விதியை எந்தப் புரோக்கரிடமும் கற்கவில்லை. மனைவி ஆனந்தமேரி சொல்லித் தெரிந்துகொண்டார். ஆனந்தமேரி அதைக் கற்றது கல்வராயன் மலையில், கரியாலூரில், ஒரு மழை நாளில்.

இருபத்தொரு வருடம் இருக்கும். சவரிமுத்து அப்போது கொத்தனார். ஆனந்தமேரி அவரோடு சித்தாளாக மண் சுமந்துகொண்டிருந்தார். மகள் ஜூலியாவுக்கு இரண்டு வயது. சென்னைக்காரர் ஒருவர் அருவிக்குப் போகிற வழியில் இரண்டு அறை வைத்து ஓய்வு வீடு கட்டினார். கடைசி ஏற்றத்தில் லாரி ஏறாது. மணல், ஜல்லி, சிமெண்ட் மூட்டை எல்லாம் ஆனந்தமேரியின் தலையிலும் இன்னும் நான்கு பெண்களின் தலையிலும்தான் மேலே போயின. வேலை முடிந்து தரை பாலிஷ் போட்ட மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் தங்கியிருந்த தார்ப்பாய் கிழிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல். ஆனந்தமேரி புது வீட்டின் சமையலறையில் மூன்று செங்கல்லைக் கூட்டி, சென்ட்ரிங் பலகைச் சில்லைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினார். காலையில் காரில் வந்து இறங்கிய வீட்டுக்காரர் முதலில் பார்த்தது அந்தக் கரியைத்தான்.

"யாருய்யா இங்க அடுப்பு வெச்சது?"

"நான்தாங்க. கொயந்தைக்கு ஜொரம். வெளிய ஒரே மழையா ஊத்திக்கினு இருந்திச்சி."

"நீ வந்து குடித்தனம் பண்ணிட்டுப் போன வூட்லதான் நான் பால் காய்ச்சணுமா?"

மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவச் சொன்னார். கழுவியதும் ஆனந்தமேரிதான். செங்கல் தூள் போட்டுத் தேய்த்தும் கரி முழுக்கப் போகவில்லை. பின்னாளில் இதை அவர் வேடிக்கையாகவே சொல்லிவந்தார். "மலை மேல ஒரு பங்களாவுல மொதமொதல்ல பொங்க வெச்சது நானு. இன்னா, பாலுக்குப் பதிலா கஞ்சி."

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீஸ் வந்து, ஊரைச் சுற்றி இருந்த கரும்புக் கொல்லைகளில் மனை பிரித்து வெள்ளைக் கல் நடத் தொடங்கியபோது சவரிமுத்து மேஸ்திரி ஆகியிருந்தார். பத்துப் பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். கட்டுகிற ஒவ்வொரு வீடும் கட்டி முடிப்பதற்குள் விலை ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுகிற விலையில் அவருக்கு ஒரு செங்கல்கூடப் பங்கில்லை. இதைச் சொல்லிக் குத்திக் காட்டியவர் புரோக்கர் காசிநாதன். இரண்டு சட்டைப் பையிலும் போன் வைத்துக்கொண்டு புல்லட்டில் சுற்றுகிற மனிதர்.

"மேஸ்திரி, ஊருக்கெல்லாம் கட்டிக் குடுத்துக்கினே இருந்தா நீ எப்ப மேல வர்றது? எடம் வாங்கு. நீயே கட்டு. நான் வித்துத் தரேன்."

முதலில் அவர் காட்டியது கரியாலூர்ப் பக்கம் ஒரு மலைச் சரிவு. சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், மூன்று வருடத்தில் விலை மூன்று மடங்கு என்றார். சவரிமுத்து சரிவில் இறங்கி நின்று காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். ஆனந்தமேரி அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை.

"இது மலைக்காரங்க நெலங்க. பட்டா நம்ம பேருக்கு மாறாது. மாறுனாலும் அது நியாயமா? வேற காட்டச் சொல்லுங்க."

காசிநாதன் இரண்டாவதாகக் காட்டியது சின்னசேலம் சாலையில் ஒரு மனை. மூன்று வருடமாக விற்காமல் கிடந்தது. காரணம், தெருக்குத்து. நேராக வருகிற தெரு அந்த மனையின் நெஞ்சில் வந்து முட்டி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பக்கத்து மனைகளின் விலையில் பாதிதான்.

சவரிமுத்து கடப்பாரையை எடுத்துப் போய் இடுப்பளவுக்குப் பள்ளம் தோண்டினார். கெட்டியான சரளை மண். ஒரு பிடி அள்ளி ஆனந்தமேரியின் கையில் வைத்தார்.

"மண்ணு நல்லாருக்கு மேரி. தெரு முட்டுனா இன்னா, நமக்குத்தான் அதெல்லாம் கெடையாதே."

"நமக்குக் கெடையாது. வாங்கறவங்களுக்கு?"

அதற்கும் காசிநாதனிடம் வழி இருந்தது. வாசலை நாலடி தள்ளி வைத்து, தெரு முட்டுகிற இடத்தில் மதிலுக்குள் ஒரு மாடம் விட்டு, பிள்ளையாரை உட்கார வைத்துவிட வேண்டும். சவரிமுத்து தன் கையாலேயே அந்த மாடத்தைக் கட்டினார். பிள்ளையார் வந்த அன்று ஆனந்தமேரி கழுத்துச் சிலுவையைத் தொட்டபடியே அவரைப் பார்த்துச் சொன்னார்: "சாமி, நாங்க கோயிலுக்குப் போறவங்க இல்ல, சர்ச்சுக்குப் போறவங்க. ஆனா வூட்ட நீதான் வித்துக் குடுக்கணும்."

கட்டுவதற்குப் பணம் வேண்டுமே. குடியிருந்த லீஸ் வீட்டைக் காலி செய்து அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்ற யோசனை ஆனந்தமேரியுடையது. பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தார். கேட்டதும் சரி என்றார். அங்கே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். ஜூலியா அப்போது சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் கொட்டகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஆனந்தமேரி விரல் விட்டுச் சொன்னார்:

"மொத வூட்ட விக்கறோம். அதுல ரெண்டாவது. அத்தயும் விக்கறோம். மூணாவது நம்முளுது. அதுல நான்தான் பால் காச்சுவேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

சுவர் எழும்ப எழும்ப தண்ணீர் காட்டுவது ஆனந்தமேரியின் பொறுப்பு. புதுச் சுவரும் புதுத் தளமும் ஈரம் காயாமல் இருந்தால்தான் சிமெண்ட் இறுகும். காலையில் வேறு இடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போவதற்கு முன்பும் திரும்பி வந்த பிறகும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவராக நனைப்பார். இடுப்பு வலிக்கிறது என்பார். சட்டி தூக்குகிற பெண்களுக்கு இடுப்பு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் சவரிமுத்து தைலம் வாங்கிக் கொடுத்தார். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் கழித்து மீண்டும் உதிரம் படுவதை ஆனந்தமேரி யாரிடமும் சொல்லவில்லை. மேல் தளம் கான்கிரீட் போட்ட அன்று கலவை எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. சேலையைப் பார்த்த பிறகுதான் சவரிமுத்துவுக்குத் தெரிந்தது.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கருப்பை வாயில் புற்று என்றார்கள். முற்றிவிட்டது. கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஏழு மாதம். சவரிமுத்து வாரத்தில் மூன்று நாள் புதுச்சேரியிலும் நான்கு நாள் மனையிலுமாக இருந்தார். பூச்சு முடிந்தது. டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. படுக்கையறையில் மின்விசிறி மாட்டியாகிவிட்டது. வீடு முடிந்த வாரத்தில் டாக்டர் அவரைக் கூப்பிட்டு, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, ஒரு மாதம் இருக்கலாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

எந்த வீடு என்று டாக்டருக்குத் தெரியாது.

மே மாதம், கத்திரி வெயில். பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் வந்தார்கள். தெருவில் நுழைந்ததும் நேராகத் தெரிந்தது அந்த வீடுதான், மாடப் பிள்ளையாரோடு. வாசலில் காசிநாதனின் புல்லட் நின்றது. சவரிமுத்துவின் சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருந்தது. ஆட்டோவை வாசலில் நிறுத்தச் சொல்லி அவர்தான் கை காட்டினார்.

காசிநாதன் அவரைத் தள்ளிக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆட்டோ இன்ஜின் அணைந்திருந்ததால் உள்ளே இருந்த ஆனந்தமேரிக்கு எல்லாம் கேட்டது.

"பார்ட்டி முடிஞ்சிட்சி மேஸ்திரி. மூங்கில்துறைப்பட்டு மில்லுல பிட்டரா இருக்கறாரு, வீரமணின்னு. அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. அடுத்த வாரத்துக்கு மறுவாரம் திங்கக்கெழம ரிஜிஸ்தர். இன்னும் பன்னெண்டு நாளு."

"நல்லதுங்க."

"அந்தம்மா கலையரசிதான் கெட்டி. ரெண்டே கேள்வி கேட்டுச்சி. உள்ள யாராச்சும் அடுப்பு பத்த வெச்சாங்களா? உள்ள ஏதாச்சும் கெட்டது நடந்துச்சா? ரெண்டும் இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டு வந்துருக்கறேன். இப்ப அக்காவ உள்ள கூட்டிக்கினு போனீன்னா... நான் வாயத் தொறந்து சொல்லக் கூடாது. சாவு விழுந்த வூடுன்னு பேராச்சின்னா பத்து வருசத்துக்கு எவனும் வர மாட்டான். ஏற்கெனவே தெருக்குத்து."

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்று சவரிமுத்து இப்போது சொல்கிறார். என்ன வார்த்தை என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். அடுத்தவர்கள் பயந்ததால்தான் அந்த மனை அவருக்குக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதே பயம் இப்போது வாசலில் நின்றது.

பேசியது ஆட்டோவுக்குள்ளிருந்து ஆனந்தமேரி.

"இன்னாங்க, வெயில்ல நின்னுக்கினு. கொட்டாயாண்ட வுடச் சொல்லுங்க."

ஆட்டோ முப்பதடி தள்ளிப் போய்க் கொட்டகை முன்னால் நின்றது.

சவரிமுத்து மேஸ்திரிக் கணக்கு ஒன்று போட்டார். டாக்டர் ஒரு மாதம் சொல்லியிருக்கிறார். பத்திரப் பதிவுக்குப் பன்னிரண்டு நாள். அது முடிந்த மறுநாளே ஒரு லீஸ் வீட்டுக்கு மேரியை மாற்றிவிடலாம். தளத்தைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இருபத்தோரு நாள் என்றால், இருபத்தோராம் நாள் பிரித்தால் தளம் நிற்கும். முப்பது வருடம் அந்தத் தேதிகள் அவரை ஏமாற்றியதில்லை. உடம்புக்கும் அப்படி ஒரு தேதி இருக்கும் என்று நம்பினார். பதிவு வரை காத்திருக்கப் பொறுக்காமல் நைனார்பாளையம் போகிற சாலையில் ஒரு வீட்டையும் போய்ப் பார்த்தார். யாரெல்லாம் குடியிருப்பீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்றார். வீட்டுக்காரர் மரியாதையாகவே மறுத்தார். "குணமாகி வந்தாங்கன்னா சொல்லுங்க. வூடு ஒங்களுக்குத்தான்."

தகரத்துக்கு அடியில் பகலில் இருக்க முடியவில்லை. மேசை விசிறி அனலைத்தான் வீசியது. சவரிமுத்து கோணிச் சாக்குகளைக் கூரை மேல் பரப்பி, ஆனந்தமேரி சுவர் நனைத்த அதே ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டார். காய்ந்தால் மறுபடி விட்டார். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு நாள் முழுக்க இதையே செய்தார். தண்ணீர் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டால் உள்ளிருந்து குரல் வரும்.

"இன்னா மேஸ்திரி, எனக்குத் தண்ணி காட்டறீங்களா?"

"சும்மா கெட மேரி."

"இருவத்தோரு நாளு ஊத்தணுமே. மறந்துறாதீங்க."

ஏழாவது நாள் ஜூலியா சேலத்திலிருந்து வந்தாள். அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து அப்பாவின் எதிரில் நின்றாள்.

"உங்க கணக்கெல்லாம் தப்புப்பா. ஒரு மாசமெல்லாம் இல்ல."

அவர் ஹோஸ் பைப்பைக் கீழே போடவில்லை.

"முப்பதடியில பேன் மாட்டுன ரூமு காலியாக் கெடக்கு. அம்மா தகரத்துக்கு அடியில வேவுது. சாவியக் குடுங்க."

உடனே எடுத்துக் கொடுத்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவரே காத்திருந்தது போல இருந்தது என்கிறாள் ஜூலியா. அவள் சாவியோடு உள்ளே போய் அம்மாவை எழுப்பி உட்காரவைத்தாள்.

"வாம்மா. போலாம்."

"எங்க?"

"நம்ம வூட்டுக்கு."

"நம்ம வூடு மூணாவதுடி. இது வீரமணி வூடு."

"அம்மா, வெளாடாத. ஒரு நாலு நாளு படுத்திரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"உள்ள போனா திரும்பி வெளிய வரணுமில்ல. நான் வர மாட்டேன். எனக்கே தெரியுது, ஒனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒங்கப்பா கைல வேற ஒண்ணுமில்ல ஜூலி. அந்த வூடுதான் கெடக்கு. அத்த நான் படுத்துக் கெடுக்கக் கூடாது."

சாவியை மகளின் கையிலிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார். மாடிப்படி வெளிப்பக்கமாகத்தானே இருக்கிறது, அதில் ஏறினால் வீட்டுக்குள் போனதாக ஆகாதே, மொட்டை மாடிக்குக் கூட்டிப் போக முடியுமா?

மறுநாள் விடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துச் சவரிமுத்து முன்னாலும் ஜூலியா பின்னாலுமாகத் தூக்கினார்கள். கனமே இல்லை. முப்பது கிலோ சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறியவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மேற்கே கல்வராயன் மலை நீளமாகக் கிடந்தது. வெயில் ஏறாததால் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. ஆனந்தமேரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கரியாலூரு அந்தப் பக்கம்தான?"

"ஆமா."

"நான் வெச்ச கரி இன்னும் அங்க இருக்கும்ங்க. எத்தினி தேய்ப்புத் தேய்ச்சேன், போவல."

மலையைப் பார்த்து முடித்ததும் தரையைப் பார்த்தார். தளத்தின் வடக்கு மூலையைக் காட்டினார்.

"அங்க செரிவு பத்தல. மழ பேஞ்சா தண்ணி நிக்கும். வாங்கறவங்க நாளைக்கி நம்மள ஏசுவாங்க."

சவரிமுத்து அன்று மதியமே கலவை போட்டு அந்த மூலையைச் சரிசெய்தார். கரணையால் தேய்க்கிற சத்தம் கொட்டகைக்குக் கேட்டது. முடித்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது குழாய் வழியாகக் கீழே விழுகிற சத்தத்தையும் கேட்ட பிறகுதான் ஆனந்தமேரி தூங்கினார்.

பங்குச் சாமியார் வெள்ளிக்கிழமை வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். குனிந்துதான் கொட்டகைக்குள் நுழைய முடிந்தது. வெளியே வந்தவர் பக்கத்தில் இருந்த புது வீட்டைப் பார்த்தார், சவரிமுத்துவைப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம், கூரை மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே ஆனந்தமேரி இறந்துவிட்டார். ஜூலியா வெளியே வந்து, "போதும்ப்பா, நிறுத்துங்க" என்றாள். அவருக்குப் புரிய நேரமாயிற்று. பைப்பைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

பதிவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஐஸ் பெட்டிக்கு வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்தார்கள். பந்தலை வீட்டுப் பக்கம் நீளாமல் கட்டச் சொல்லி காசிநாதன் கூடவே நின்றார். அவர் கெட்டவர் இல்லை. ஐஸ் பெட்டிக்குக் காசு கொடுத்ததும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஆனந்தமேரியோடு மண் சுமந்த பெண்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

திங்கள் காலை காசிநாதன் கொட்டகைக்கு ஓடி வந்தார்.

"மேஸ்திரி, மதிலப் பாத்தியா?"

சவரிமுத்துவிடம் வேலை செய்கிறவர்கள் காசு போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்திருந்தார்கள். ஊரில் நாலு இடத்தில் ஒட்டியவர்கள் மேஸ்திரியின் சுவரில் ஒட்டாமல் இருப்பார்களா? பிள்ளையார் மாடத்துக்குப் பக்கத்தில், புது பெயிண்ட் மேல், ஆனந்தமேரியின் பெரிய படம். தெருக்குத்து வீடு என்பதால் தெருவின் அந்த முனையில் திரும்பும்போதே முகம் தெரிந்தது.

"பத்தரைக்கு அவங்க இந்த வழியாத்தான் வராங்க. கோவிச்சிக்காத மேஸ்திரி."

காசிநாதனே தண்ணீர் ஊற்றிக் கிழித்தார். புதுப் பசை. பாதி வந்தது, பாதி வரவில்லை. நெற்றியும் ஒரு கண்ணும் சுவரோடு நின்றுவிட்டன. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"என்னால ஆவல."

சவரிமுத்து கொட்டகைக்குள் போய்க் கரணையை எடுத்து வந்தார். பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி உரியாமல் காகிதத்தை மட்டும் எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். கரணையைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக, மெதுவாக எடுத்தார். ஈரத் துணியால் துடைத்தார். மிச்சமிருந்த பெயிண்டில் ஒரு கை அடித்தார். ஜூலியா கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். அப்பாவை அப்போது வெறுத்தேன் என்று அவள் ஒளிக்காமல் சொல்கிறாள்.

பத்திர ஆபீஸ் வாசலில் கலையரசி சவரிமுத்துவை நிறுத்திக் கேட்டார்.

"புரோக்கர் சொன்னது வேற, உங்க வாயால கேக்கணும். உள்ள கெட்டது ஒண்ணும் நடக்கலயே மேஸ்திரி?"

"இல்லீங்க. அந்த வூட்டுக்குள்ள ஒண்ணுமே நடக்கலீங்க."

கையெழுத்துப் போட்டார். அந்தச் சொல்லில் பொய் கிடையாது.

பால் காய்ச்சுகிற நாளில் கட்டிய மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கம். அழைத்தார்கள், போனார். ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் ஆட்கள். பால் பொங்கியது. தெருக்காரப் பெண் ஒருத்தி கலையரசியின் காதில் ஏதோ சொன்னாள். கலையரசி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சவரிமுத்துவிடம் வந்தார்.

"உங்க வூட்டம்மாவா அந்தக் கொட்டாயில? இந்த வெயில்ல? உள்ள படுக்க வெச்சிருக்கலாமே. நாங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோமே."

கலையரசியின் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் நின்ற வீரமணி தரையில் டைல்ஸ் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருப்பார்களா, மாட்டார்களா என்று சவரிமுத்து இன்றுவரை புரட்டிப் பார்க்கிறார். மாட்டார்கள் என்று சில நாள் தோன்றும். அந்த நாட்கள்தான் மோசமானவை.

இரண்டாவது வீட்டையும் கட்டி விற்றார். காசிநாதன் சொன்னபடியே லாபம்தான். ஊரில் இப்போது அவரை மேஸ்திரி என்பதைவிட வீடு கட்டி விற்கிறவர் என்கிறார்கள். ஜூலியா வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது வீடு ஊருக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம். கட்டி முடித்து எட்டு மாதமாகிறது. முடித்த அன்றே சவரிமுத்து சமையலறையில் மூன்று செங்கல்லைக் கூட்டிச் சென்ட்ரிங் பலகைச் சில்லைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினார். புது மேடையும் பின்சுவரும் கரியாயின. காஸ் அடுப்பு வாங்கித் தருகிறேன் என்று ஜூலியா சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். தினமும் ஒரு வேளை அங்கேதான் கஞ்சி வைக்கிறார். வைத்த கஞ்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போட்டிருக்கும் தகரக் கொட்டகைக்கு வந்து சாப்பிடுகிறார். படுப்பதும் கொட்டகையில்தான். உள்ளே படுத்துப் பார்த்தாராம், இரண்டு நாள். தூக்கம் வரவில்லை.

"இத்த விக்கறதா, நீ குடியிருக்கறதா? ஒண்ணு சொல்லு மேஸ்திரி," என்கிறார் காசிநாதன். "ரெண்டுமில்லாம இன்னா பண்ணிக்கினு கெடக்கற?"

காசிநாதன் விடாமல் ஆட்களைக் கூட்டி வருகிறார். போன வாரமும் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். மாடியில் மலையைப் பார்த்ததும் மனைவிக்கு வீடு பிடித்துவிட்டது. கீழே வந்து சமையலறைக்குள் நுழைந்தவர் நின்றார்.

"யாருங்க இங்க அடுப்பு வெச்சது?"

"நான்தாங்க," என்றார் சவரிமுத்து.

அந்தப் பெண் கணவனைப் பார்த்தார். கணவன் காசிநாதனைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். புல்லட் சத்தம் தெரு முனையில் திரும்புகிற வரை சவரிமுத்து வாசலில் நின்றார். பிறகு ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி முந்தின நாள்தான் கட்டத் தொடங்கியிருந்த மதில் சுவருக்குத் தண்ணீர் காட்டப் போனார்.